ஹாபிட் படித்தோம்: எங்கள் வீட்டு மூன்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த தீர்ப்பு

இந்தக் கோடை விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் மகளுக்கு 13 வயது, அவள் தம்பிக்கு 10, என் மகனுக்கு 8. போன வருடம் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிக் கொடுத்து, அது ஆளுக்கொரு மூலையில் பாதியோடு கிடந்ததைப் பார்த்தவள் நான். அதனால் இந்த வருடம் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம், அதையும் நானே சத்தமாக வாசிப்பது என்று முடிவு செய்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்து, சார்ஜ் ஏற்றிய விளக்கு ஒன்றை நடுவில் வைத்து, தினம் ஒரு மணி நேரம். புத்தகம் டோல்கீனின் 'தி ஹாபிட்'. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பேன், அப்புறம் அதையே தமிழில் கதையாகச் சொல்வேன், சந்தேகம் வந்தால் நிறுத்திக்கொள்வோம். 19 அத்தியாயத்தை முடிக்க எங்களுக்கு 26 ராத்திரி ஆனது.

பெரியவர்கள் எழுதும் சிறுவர் நூல் விமர்சனங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. கற்பனையைத் தூண்டும், நல்ல பழக்கத்தை வளர்க்கும் என்றெல்லாம் எழுதுகிறோம், ஆனால் பிள்ளை எந்தப் பக்கத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது, எந்த இடத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டது, எங்கே தூக்கம் வந்தும் இன்னும் ஒரு பக்கம் என்று கெஞ்சியது, இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. காசு கொடுத்து வாங்கப் போகிற எனக்கு வேண்டியது அதுதான். அதனால் இந்த விமர்சனத்தில் முக்கால்வாசி அவர்கள் சொன்னது.

இந்தப் புத்தகம் அச்சுக்குப் போனதிலேயே ஒரு பையனுடைய விமர்சனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1936 அக்டோபரில் இதன் தட்டச்சுப் பிரதி லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்தில் இருந்தது. பதிப்பகத்தின் தலைவர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் 10 வயது மகன் ரேய்னரிடம் படிக்கக் கொடுத்தார், பிள்ளைகளுக்கான புத்தகத்தைப் பிள்ளைகள்தான் எடைபோட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். படித்து எழுதிக் கொடுத்தால் கூலி ஒரு ஷில்லிங். பையன் கதையைச் சுருக்கமாக எழுதி, வரைபடங்கள் இருப்பதால் வேறு படமே தேவையில்லை, 5 வயதிலிருந்து 9 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று முடித்துவிட்டான். 1937 செப்டம்பர் 21 அன்று புத்தகம் வெளிவந்தது, முதல் அச்சு 1500 பிரதி, டிசம்பருக்குள் தீர்ந்துவிட்டது. அதே ரேய்னர் பெரியவனாகி அப்பாவின் பதிப்பகத்திலேயே வேலை செய்தபோது, நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் டோல்கீனின் அடுத்த பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை 1954லும் 1955லுமாக மூன்று பாகமாகக் கொண்டுவந்தார்.

இதைச் சொன்னதும் பத்து வயதுக்காரன் கேட்ட முதல் கேள்வி, "ஒரு ஷில்லிங்னா எவ்வளவு அத்தை?" ஒரு பவுண்டில் இருபதில் ஒரு பங்கு என்றேன். "அப்போ எங்களுக்கு?" பேசிப் பேசி பத்து ரூபாயில் வந்து நின்றது. புத்தகம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், எனக்குப் பிடிக்க வேண்டும் என்று எழுதக் கூடாது, பிடிக்காததையும் எழுத வேண்டும். அந்தத் தாள்கள் மூன்றும் இப்போது என் முன்னால் இருக்கின்றன.

படிக்காதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பில்போ என்கிற ஹாபிட், மனிதனில் பாதி உயரம், காலில் ரோமம், வீட்டை விட்டு வெளியே போக விரும்பாத ஆள், வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும். அவன் வீட்டுக்கு கேண்டால்ஃப் என்ற மந்திரவாதியும் 13 குள்ளர்களும் வந்து சேருகிறார்கள். தூரத்து மலையில் ஒரு டிராகன் குள்ளர்களின் செல்வத்தைப் பிடுங்கி அதன்மேல் படுத்துக் கிடக்கிறது, அதை மீட்கப் போகிறார்கள், இவன் அவர்களுக்குத் திருடனாக வர வேண்டும். போகிறான், திரும்பி வருகிறான்.

முதல் அத்தியாயம் எங்களுக்கு மூன்று ராத்திரி எடுத்தது, காரணம் சாப்பாடு. குள்ளர்கள் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்று கேட்கிறார்கள், கேக், ஜாம், கோழி, ஊறுகாய் என்று பில்போவின் சமையலறையே காலியாகிறது. எட்டு வயதுக்காரனுக்கு இது அப்படியே பிடித்துப் போய்விட்டது. எங்கள் வீட்டிலும் சொல்லாமல் கொள்ளாமல் பதினாலு பேர் வந்து இறங்கிய நாட்கள் உண்டு, பாட்டி மறுபடி உலை வைத்ததையும் அவன் பார்த்திருக்கிறான். பில்போவின் எரிச்சலும், எரிச்சலை முகத்தில் காட்டாமல் தட்டு எடுத்து வைப்பதும் அவனுக்கு உடனே விளங்கியது. ஹாபிட் என்றால் என்ன என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "நம்ம சித்தப்பா மாதிரி" என்று அவனே சொல்லிவிட்டான்.

ஆனால் அந்த 13 பெயர்கள் பெரிய தொல்லை. ஃபிலி, கிலி, ஓயின், குளோயின், டோரி, நோரி, ஓரி என்று எதுகை மோனையோடு வரும் பெயர்களை நான்கு நாளைக்குப் பிறகும் பிள்ளைகளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தலைவன் தோரின், குண்டாக இருக்கும் பாம்பர், வயதான பாலின், இந்த மூன்று பேர்தான் கடைசி வரை மனதில் நின்றார்கள். பத்து வயதுக்காரன் தாளில் எழுதியிருக்கிறான்: "ஆறு பேர் போதும்." எனக்கும் அதே எண்ணம்தான். மற்றவர்களை ஒரு குல்லாயின் நிறத்தை வைத்து அறிமுகம் செய்வதோடு ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

இனி ஐந்தாவது அத்தியாயம். வேறு எதற்கும் வேண்டாம், இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். மலைக்கு அடியில் இருட்டுக் குகையில் பில்போ தனியாக மாட்டிக்கொள்கிறான், கையில் ஒரு மோதிரம் தட்டுப்படுகிறது, எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். அங்கே ஒரு ஏரி, ஏரி நடுவில் கோல்லம் என்ற ஒரு பிராணி. எங்கள் அம்மா அந்தப் பெயரைக் கடைசி வரை 'கோலம்' என்றுதான் சொன்னார், பிள்ளைகளும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் விடுகதைப் போட்டி. பில்போ ஜெயித்தால் கோல்லம் வெளியே போக வழி காட்டும், தோற்றால் இவனைத் தின்றுவிடும்.

அன்று அம்மாவும் மாடியில் இருந்தார், அண்ணன் பிள்ளைகளுக்கு அப்பத்தா, என் மகனுக்கு அம்மாச்சி. அதுவரை கதையைக் காதில் வாங்காமல் விசிறியோடு படுத்திருந்தவர், விடுகதை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பூட்டில்லாத, மூடியில்லாத பெட்டிக்குள் தங்கம் இருக்கிறது என்று நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் "முட்டைதானே" என்றார். "இதை நாங்க, ஒரு பானைக்குள்ள ரெண்டு குழம்புன்னு சொல்லுவோம்." பத்து வயதுக்காரன் வாயைப் பிளந்துவிட்டான். காற்றுக்கும் புத்தகத்தில் ஒரு விடுகதை வருகிறது, சிறகில்லாமல் பறப்பது, பல்லில்லாமல் கடிப்பது என்று போகும். அதற்கும் அம்மாவிடம் ஒன்று இருந்தது: கண்ணுக்குத் தெரியாதவன், உயிருக்கு உகந்தவன். அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டுப் போட்டிதான் நடந்தது. யார் தோற்றாலும் கோலம் வந்து தின்றுவிடும் என்று சின்னவன் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தான். இங்கிலாந்தில் 1937ல் அச்சான ஒரு கதைக்குள் எங்கள் அம்மாவுக்கு இவ்வளவு சுலபமாக இடம் கிடைத்ததில் எனக்கு இன்னும் சந்தோஷம்.

போட்டியின் முடிவில்தான் சண்டை. பில்போவுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை, பைக்குள் கையை விட்டு, என் பையில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலக் கேட்டுவிடுகிறான், கோல்லம் அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு மூன்று தடவை தப்பாகச் சொல்கிறது. "அது விடுகதையே இல்ல அத்தை, ஏமாத்துறான்" என்றான் பத்து வயதுக்காரன். அக்கா விடவில்லை: "கோலம் ஒத்துக்கிட்டுத்தானே பதில் சொல்லுச்சு, மூணு சான்ஸ் கேட்டு வாங்குச்சுல்ல?" எட்டு வயதுக்காரன் மட்டும், உயிர் போகும்போது என்ன கேட்டாலும் சரிதான் என்று நடுவில் நின்றான். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், இது பழைய விதிகளின்படி சரியான விடுகதை ஆகாது என்று ஆசிரியரே ஒத்துக்கொள்கிறார். பத்து வயதுக்காரனுக்கு அன்று தூக்கமே வரவில்லை, எழுதியவரே அவன் பக்கம் வந்துவிட்டார் அல்லவா.

அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன். நாம் படிக்கும் இந்த அத்தியாயம் 1937ல் வந்தது அல்ல. முதல் பதிப்பில் கோல்லம் அந்த மோதிரத்தையே பரிசாகத் தருவதாகச் சொல்லும், தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டு, பதிலாக வழியைக் காட்டி அனுப்பிவைக்கும். பிறகு எழுதிய பெரிய கதையில் அந்த மோதிரம் யாரும் மனமாரக் கொடுக்க முடியாத பயங்கரப் பொருளாக மாறிவிட்டதால், 1951 பதிப்பில் டோல்கீன் இந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பழைய கதைக்கு அவர் சொன்ன காரணம், பில்போ முதலில் உண்மையைச் சொல்லவில்லை என்பது. இது பையனை என்னமோ செய்துவிட்டது. கதை சொல்லுகிறவன் பொய் சொல்லலாமா, அப்படியானால் மற்ற அத்தியாயங்களும் பொய்யாக இருக்குமா என்று இரண்டு நாள் என் பின்னாலேயே சுற்றினான். பத்து வயதில் ஒரு புத்தகம் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தால் கொடுத்த பணத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு.

டோல்கீனின் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. அவர் தன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டும்போது, மகன் கிறிஸ்டஃபர், போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள் என்று பிடித்துவிடுவானாம். அப்பா எழுந்து போய்க் குறித்துவைத்துக்கொள்வாராம். அச்சில் கதவு பச்சைதான்.

நடுப்பகுதி கொஞ்சம் தொய்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ட்ரோல் என்ற பூதங்களிடம் மாட்டுவது, தப்பிப்பது, கோப்ளின் என்ற குட்டிப் பிசாசுக் கூட்டத்திடம் மாட்டுவது, தப்பிப்பது, ஓநாய், தப்பிப்பது என்று ஒரே தாளத்தில் போகிறது. கழுகுகள் வந்து எல்லோரையும் மரத்திலிருந்து தூக்கிப் போகும் இடத்தில் பத்து வயதுக்காரன், "நேரா டிராகன் மலைக்கே கொண்டு போய் விட வேண்டியதுதானே?" என்று கேட்டான். புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது, மனிதர்கள் வாழும் பக்கம் போனால் ஆடு தூக்க வந்ததாக நினைத்து அம்பு விடுவார்கள் என்று கழுகுகளின் தலைவன் மறுத்துவிடுகிறான். பையன் ஒத்துக்கொண்டான், அரை மனதாக.

பாட்டுகள் நிறைய வருகின்றன. உண்மையைச் சொல்கிறேன், நாலாவது பாட்டுக்குப் பிறகு நான் தாண்டிப் போனேன், யாரும் கேட்கவில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைக்கு அவை காதில் இனிக்கும், நம் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு செத்துவிடுகிறது.

இருட்டுக் காடு வந்ததும் தொய்வு போய்விட்டது. வெளிச்சமே இல்லாத காடு, பாதையை விட்டு இறங்காதே என்று எச்சரிக்கை, பசியில் இறங்கிவிடுகிறார்கள், ராட்சதச் சிலந்திகள் தோரினைத் தவிர மற்ற குள்ளர்கள் எல்லோரையும் நூலில் சுற்றித் தொங்கவிடுகின்றன. எட்டு வயதுக்காரன் என் மடிக்கு வந்துவிட்டான். நிறுத்தட்டுமா என்றால் வேண்டாம் என்கிறான், வாசித்தால் காதைப் பொத்துகிறான், பொத்திய விரல் நடுவே கேட்டுக்கொண்டும் இருக்கிறான். பில்போ முதல் தடவையாக யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு சிலந்தியைக் கொன்று, தன் கத்திக்கு ஒரு பெயர் வைக்கிறான். மறுநாள் காலை எங்கள் வீட்டு கிரிக்கெட் பேட்டுக்கும் பெயர் வந்துவிட்டது. சின்னவனின் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் வரி: "பில்போவுக்கும் பயம் இருக்கு, எனக்கும் இருக்கு, ஆனா அவன் போறான்." சிலந்திக்கு ரொம்பப் பயப்படும் பிள்ளை என்றால் இந்த அத்தியாயத்தைப் பகலில் வாசியுங்கள்.

டிராகன் விஷயத்தில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. இத்தனை நூறு பக்கம் நடந்து வந்த பிறகு ஸ்மாக் என்ற அந்த டிராகனைக் கொல்வது பில்போ கிடையாது, தோரினும் கிடையாது, ஏரி ஊரைச் சேர்ந்த பார்ட் என்ற வில்வீரன். அவன் கதைக்குள் வந்தே சில பக்கம்தான் ஆகிறது. பத்து வயதுக்காரனுக்கு அது பெரிய அநியாயம். கிளைமாக்ஸில் வேறு யாரோ வந்து வில்லனை அடித்துப் போட்டால் தியேட்டரில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டான். அக்காவின் பதில் எனக்குப் பிடித்திருந்தது. டிராகனின் மார்பில் கவசம் இல்லாத இடத்தைப் பார்த்தது பில்போ, அவன் சொன்னதைக் கேட்டது ஒரு பறவை, பறவை போய்ச் சொன்னது பார்டிடம், ஆக மூன்று பேர் சேர்ந்துதான் கொன்றார்கள் என்றாள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, தாளிலும் எழுதிவிட்டான், அதற்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தும்விட்டான்.

டிராகன் செத்த பிறகும் கதை முடியவில்லை என்பதுதான் இந்தப் புத்தகத்தின் மிகப் பெரிய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. மலை நிறையத் தங்கம் கிடக்கிறது, இப்போது அது யாருக்கு? வீடு எரிந்துபோன ஏரி ஊர்க்காரர்கள் பங்கு கேட்கிறார்கள், தோரின் ஒரு காசு தர மாட்டேன் என்கிறான், போர் மூளப் போகிறது. தோரின் உயிராக மதிக்கும் ஒரு மணிக்கல் பில்போவிடம் ரகசியமாக இருக்கிறது. அதை அவன் ராத்திரியோடு ராத்திரியாக எதிர்த் தரப்பிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான், இதை வைத்துப் பேரம் பேசுங்கள், சண்டை வேண்டாம் என்று. அப்புறம் தப்பித்து ஓடாமல் திரும்பத் தன் கூட்டத்துக்கே வந்து படுத்துக்கொள்கிறான்.

இது துரோகமா இல்லையா? மூன்று ராத்திரி பேசினார்கள். நண்பன் பொருளை எடுத்து எதிரியிடம் கொடுப்பது தப்புதான் என்றான் தம்பி, அதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அக்கா, திரும்பி வந்தானே, அதுதான் முக்கியம், திருடினவன் திரும்பி வர மாட்டான் என்றாள். சொத்துத் தகராறு என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், வரப்புக்காகப் பேச்சு நின்றுபோன பெரியவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் அந்த அத்தியாயங்களுக்கு நான் எந்த விளக்கமும் தரவில்லை, அவர்களே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு மூளும் போரில் அடிபட்டுச் சாகும்போது தோரின், அந்த மணிக்கல்லுக்காகப் பில்போவிடம் தான் சொன்ன கடுஞ்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். சின்னவன் அழுதுவிட்டான். வாசிக்கும் நானும்தான், விளக்கை அம்மா பக்கம் திருப்பிவைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். இந்த மரணத்தை மறைத்துக் கதையை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், நல்லவேளை செய்யவில்லை. மறுநாள் சின்னவனே, "கடைசியிலயாவது சாரி சொன்னான்ல" என்று ஆறிப்போய் வந்தான்.

சரி, அண்ணன் மகளின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மூன்று தாளில் மிக நீளமானது அவளுடையது, முன்பக்கம் பின்பக்கம் முழுக்க. எழுத்து, மலை, விடுகதை எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் 300 பக்கத்தில் ஒரு பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுகிறாளா என்று கேட்டிருக்கிறாள். நான் புரட்டிப் பார்த்தேன். பெயரோடு வருவது பில்போவின் அம்மா மட்டும், அவரும் கதை தொடங்கும் முன்பே இல்லை. 13 குள்ளர், மந்திரவாதி, கரடியாக மாறுகிறவன், அரசர்கள், எல்லாம் ஆண்கள். அவள் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "நான் இந்தக் கதையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் பில்போவாகவே நடந்து வந்தேன், அது பரவாயில்லை, ஆனால் அவனுக்கு ஒரு தங்கையாவது இருந்திருக்கலாம்."

இதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, அவள் சொல்வது சரி. ஆனால் ஸ்டீவன்சன் எழுதிய, புதையல் தேடிப் போகும் கதையான 'ட்ரெஷர் ஐலண்ட்' எப்படிப் பிறந்தது என்று அவளிடம் சொன்னேன். 1881ல் ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற ஊரில் விடாத மழை, வீட்டுக்குள் அடைபட்ட 13 வயதுப் பையன் லாயிட் வண்ணம் தீட்டி விளையாட, அவனுடைய மாற்றாந்தந்தை ஸ்டீவன்சன் அவனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடம் போட, அதிலிருந்து தினம் ஒரு அத்தியாயமாகக் கதை வளர்ந்தது. முதலில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883ல் புத்தகமானது. அந்தக் கதையில் பெண்களே வரக் கூடாது என்பது லாயிடின் உத்தரவு என்று ஸ்டீவன்சனே கடிதத்தில் எழுதியிருக்கிறார், கதாநாயகன் ஜிம்மின் அம்மா மட்டும் எப்படியோ தப்பி உள்ளே வந்துவிட்டார். கேட்டதும் அவளுக்கு வந்த கோபம்! "பையன்கிட்ட மட்டும் கேட்டா இப்படித்தான் ஆகும் அத்தை. அந்த ரேய்னர்கூட பையன்தானே? அவனுக்கு ஒரு அக்கா இருந்து, அவகிட்டயும் ஒரு ஷில்லிங் கொடுத்துக் கேட்டிருக்கணும்."

இதைத்தான் நான் இந்த விமர்சனத்தில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். சாகசக் கதை வாங்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள், அதுவும் ஒரு பிள்ளையிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் பத்து வயதுக்காரனிடம் மட்டும் கேட்டிருந்தால் டிராகன் சண்டை சரியில்லை என்ற ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

பெண் பிள்ளை முன்னால் நடக்கும் கதை வேண்டும் என்று அவள் கேட்டதால், சினேகிதி வீட்டிலிருந்து நார்னியா வரிசையில் 1950ல் முதலில் வந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' இரவல் வாங்கினேன். துணி அலமாரிக்குள் நுழைந்து பனி பெய்யும் காட்டுக்குள் முதலில் காலடி வைப்பது லூசி என்ற கடைக்குட்டிப் பெண். மூன்றே நாளில் அண்ணன் மகள் படித்து முடித்துவிட்டாள். மொழி ஹாபிட்டைவிட எளிது, அத்தியாயங்கள் சின்னது, பத்து வயதுப் பிள்ளை தானே படிக்கலாம். அதில் எட்மண்ட் என்ற பையன் டர்க்கிஷ் டிலைட் என்ற இனிப்புக்காக உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். நம் பிள்ளைகள் திருநெல்வேலி அல்வா போல நெய் சொட்டும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். மாவும் சர்க்கரையும் ரோஜாப் பன்னீரும் சேர்த்த மெத்தென்ற துண்டு என்றதும், "இதுக்கா?" என்று சின்னவனுக்கு ஒரே ஏமாற்றம். ஏழு புத்தகத்தையும் எந்த வரிசையில் படிப்பது என்பதிலும் ஒரு பிள்ளையின் கை இருக்கிறது. அமெரிக்கச் சிறுவன் ஒருவன் கதை நடக்கும் கால வரிசையில் படிக்க விரும்புவதாக எழுத, நார்னியாவை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1957ல் அவனுக்கு எழுதிய பதிலில் அவன் பக்கம் பேசினார். இப்போது விற்கும் பதிப்புகளில் எண் அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது, அதாவது 1955ல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' முதல் புத்தகமாகிவிட்டது. அண்ணன் மகளின் தீர்ப்பு வேறு: வெளிவந்த வரிசைதான் சரி, பனிக்காட்டு நடுவில் ஒரு தெருவிளக்கு ஏன் எரிகிறது என்று முன்பே தெரிந்துவிட்டால் லூசியோடு சேர்ந்து ஆச்சரியப்பட முடியாது. நான் அவள் கட்சி.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹாபிட் எனக்கு 400 ரூபாய்க்குள் கிடைத்தது, காகித அட்டைப் பதிப்பு, இரண்டு வரைபடங்களும் உள்ளே இருந்தன. வரைபடம் இல்லாத பதிப்பை வாங்காதீர்கள், பிள்ளைகள் ஒவ்வொரு ராத்திரியும் கதைக்கு முன் விரல் வைத்துப் பார்த்தது அதைத்தான். ட்ரெஷர் ஐலண்டை ஒரு இணையக் கடையில் வாங்கினேன், அட்டையிலோ விற்பனைப் பக்கத்திலோ சுருக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை, பிரித்தால் தொண்ணூற்றுச் சொச்சம் பக்கம், ஒற்றைக்கால் கப்பல் சமையல்காரன் சில்வர் நல்லவனா கெட்டவனா என்று தவிக்க வைக்கும் பகுதிகள் எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிட்டன. திருப்பி அனுப்பக் கேட்டதற்குப் புத்தகம் சேதமாகவில்லையே என்றார்கள். பக்க எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், முழுப் புத்தகம் தொண்ணூறு பக்கத்தில் அடங்காது.

தமிழில் இப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் இந்த வயதில் வாண்டுமாமாவில் வளர்ந்தவள், பூந்தளிர் இதழ் வரும் நாளுக்காக வாசலில் நின்றிருக்கிறேன், அவருடைய மந்திரவாதிகளும் ரகசியக் குகைகளும் இன்றும் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைக்கின்றன, இரண்டு பையன்களிடமும் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் இன்று 10 வயதுக்கு மேல் உள்ள பிள்ளை கையில் எடுத்து ஒரு மாதம் உள்ளேயே குடியிருக்கும்படியான, கனத்த, வரைபடம் போட்ட, புது மாய உலகக் கதை தமிழில் தேடினால் எனக்குக் கிடைப்பது குறைவு. சின்னக் கதைகள் நிறைய இருக்கின்றன, படங்களும் அழகாக இருக்கின்றன, பல கதைகள் கடைசிப் பக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகின்றன. அந்த வரி வந்ததுமே அண்ணன் மகள் புத்தகத்தை மூடிவிடுகிறாள். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் வீட்டில் பத்து ரூபாய்க்குக் கையெழுத்துப் பிரதி படித்து விமர்சனம் தர மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள்.

ஹாபிட் யாருக்கு? ரேய்னர் சொன்ன 5 முதல் 9 வயது என்பது சத்தமாக வாசித்துக் காட்டினால் சரி, நம் ஊரில் 7 என்று வைத்துக்கொள்ளலாம். தானே படிக்க 12 வயதாவது வேண்டும், ஆங்கிலம் கொஞ்சம் பழைய ஆங்கிலம், வாக்கியங்கள் நீளம். வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தாளில் உள்ள மதிப்பெண்: சின்னவன் பத்துக்குப் பத்து, பத்து வயதுக்காரன் எட்டு, டிராகனுக்கு ஒன்று, குள்ளர் எண்ணிக்கைக்கு ஒன்று குறைத்திருக்கிறான். அண்ணன் மகள் ஏழரை. என்னுடையது ஒன்பது, அம்மாவுடைய விடுகதைகளைச் சேர்க்காமல்.

அண்ணன் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த பெரிய கதையின் முதல் பாகத்தைப் பெரியவள் தனியாகத் தொடங்கியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் என் மகன் போன் போட்டு, "அக்கா, பொண்ணு யாராவது வந்தாங்களா?" என்று கேட்பான். நேற்று பதில் வந்தது. வந்துவிட்டாளாம், பில்போவின் சொந்தக்காரி ஒருத்தி, அவன் வீட்டு விலை உயர்ந்த சாமான்களைக் குடைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்க்கிறாளாம். "நல்லவளா?" என்று கேட்டான். "இல்லடா, ஆனா எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு."